எண்ணும் காரணமும்
பொருளாதாரமும் தரவு அறிவியலும் கூடிய முதுநிலைப் படிப்பைப் பற்றிய சிறப்புக் கட்டுரை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், ஸான்பிரான்ஸிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள நகரங்களை இணைக்கும் ‘பார்ட்’ என்ற மின்சார ரயில் 1972-ல் ஓடத் தொடங்கிய காலத்தில், அதில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதே எல்லோருக்கும் பெரிய கேள்வியாக இருந்தது. வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அதை நாடுவார்கள் என்பது உத்தியோகபூர்வமான மதிப்பீடு. பெர்க்லி சர்வகலாசாலையில் பொருளாதாரம் போதித்துவந்த டேனியல் மக்ஃபேடனோ, ரயில் வருவதற்கு முன்பே 771 பேரிடம், அவர்கள் காரில் போகிறார்களா, பஸ்ஸில் போகிறார்களா, அதற்கு எவ்வளவு நேரமும் பணமும் செலவாகின்றன என்றெல்லாம் விசாரித்து, மனிதன் தன் முன்னுள்ள வழிகளில் ஒன்றைத் தெரிந்தெடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தைக் கணிதத்தில் எழுதிவிடலாம் என்ற கொள்கையைக் கொண்டு கணக்கிட்டு, நூற்றுக்கு 6.3 பேர்தான் ஏறுவார்கள் என்ற முடிவுக்கு வந்தார். ரயில் ஓடிய பிறகு எண்ணிப் பார்த்தபோது கிடைத்த விடை 6.2. இவ்வளவு நெருங்கி வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆயினும் இத்தகைய தேர்வுகளை ஆராயும் முறையை வகுத்ததற்காக 2000-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஓடாத ரயிலுக்குப் பழைய கணக்கு இருக்க முடியாது. ஆகவே, கடந்த காலப் பதிவுகளை மட்டுமே பார்த்து வருங்காலத்தைச் சொல்லும் எந்த யந்திரமும், எத்தனை கோடி டிக்கெட்டுகளின் விவரத்தை அதன்முன் கொட்டினாலும், இந்தக் கேள்விக்கு முன்னால் வாய் திறக்க வழியில்லை. மறுபுறம், அந்த 771 பேரின் விவரம் கையில் இல்லாமல் வெறும் பொருளாதாரக் கொள்கை மட்டும் இருந்திருந்தால், கட்டணம் குறைந்தால் கூட்டம் கூடும் என்ற பொது வாக்கியத்தோடு பேராசிரியர் நின்றிருப்பார். கொள்கையும் விவரமும் ஒருவர் அறிவிலேயே சேர்ந்திருந்ததால்தான் 6.3 என்ற எண் பிறந்தது. அந்தச் சேர்க்கையை ஒரு சிலரின் தனித்திறமையாக விட்டுவிடாமல், வகுப்பறையில் கற்பிக்கத்தக்க வித்தையாக ஆக்குவதுதான், இன்று உலகமெங்கும் சர்வகலாசாலைகளில் தோன்றிவரும், பொருளாதாரமும் தரவு அறிவியலும் கூடிய முதுநிலைப் படிப்பின் உத்தேசம்.

சென்னையில் முளைத்த சம்பிரதாயம்

பெயர் புதிதே தவிர உறவு புதிதன்று. 1915-ல் சென்னை சர்வகலாசாலையின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், இந்த நாட்டின் பொருளாதாரத்தைக் கற்பிக்க வேண்டுமானால் முதலில் இதன் கிராமத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதி, மறு வருஷமே தம் மாணாக்கர்களின் கையில் வினாப் பட்டியலைக் கொடுத்து, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி எத்தனை என்று ஊர்களில் விசாரித்து எழுதிவரும்படி அனுப்பினார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, தஞ்சைச் சீமையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றி அம்மாணாக்கர் சேகரித்தவை 1918-ல் நூலாக வெளிவந்தன. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-ல் அதே ஊர்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சென்றுகொண்டிருந்ததன் பயனாக, இருவேல்பட்டு என்ற ஒரே கிராமத்தில் 1916 முதல் 2008 வரை நிலமும் உழைப்பும் சாதியும் எப்படி மாறின என்பதை இன்று நம்மால் தொடர்ந்து வாசிக்க முடிகிறது. இத்தகைய பாக்கியம் உலகில் மிகச் சில கிராமங்களுக்கே வாய்த்திருக்கிறது.

ஸ்லேட்டரின் காலத்துக்குச் சற்றுப் பின்னே ஐரோப்பாவில் ராக்னர் ஃபிரிஷ், யான் டின்பெர்கன் போன்றோர் பொருளாதாரத்தைக் கணிதத்தோடும் புள்ளியியலோடும் பிணைத்துப் பொருளாதார அளவையியல் என்ற சாஸ்திரத்தை வகுக்கத் தொடங்கினர். 1930-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் அதற்கென ஒரு சங்கமும் தோன்றிற்று. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, 1969-ல், அது இவ்விருவருக்கே சென்றது. நம் நாட்டில், கல்கத்தாவில் பௌதிக ஆசிரியராக இருந்த மஹலனோபிஸ், 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஸ்தாபித்தார். நாடு முழுவதையும் எண்ணாமலே, முறைப்படி பொறுக்கியெடுத்த சில ஆயிரம் குடும்பங்களைக் கேட்டு நாட்டின் நிலையை அறியும் தேசிய மாதிரி ஆய்வு 1950-ல் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. ஆகவே, இந்தப் படிப்பை மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுச் சரக்கு என்று நினைத்து நம் மாணவர்கள் மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்.

குடையும் வருண ஜபமும்

ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் ஒன்று மெய்யாகவே மாறியிருக்கிறது. முன்பு விவரம் அரிது. ஒரு வினாத்தாளை நிரப்ப ஒரு மனிதர் வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியும் வங்கிக் கணக்கும் செயற்கைக்கோளும், யாரும் கேட்காமலே, விநாடிதோறும் விவரங்களை உற்பத்தி செய்கின்றன. அந்தக் குவியலில் ஒழுங்குகளைத் தாமே கண்டுபிடிக்கும் முறைகளைக் கணினி விஞ்ஞானிகள் வகுத்தனர். மெஷின் லேர்னிங் என்று வழங்குவது இதுவே. அதன் சக்தியைக் கண்டு, இனிக் காரண காரியம் தேடும் பொருளாதாரம் எதற்கு என்று கேட்பவர்களும் கிளம்பியிருக்கிறார்கள்.

இக்கேள்விக்குத் தெளிவான பதில் தந்தவர்களில், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்கா சென்று பொருளாதார அறிஞரான செந்தில் முல்லைநாதன் ஒருவர். அவரும் அவருடைய சகாக்களும் 2015-ல் எழுதிய ஒரு கட்டுரையில் காட்டும் உதாரணத்தை நம் வழக்கத்துக்கு ஏற்பச் சொல்வதானால், இன்று மழை வருமா என்று பார்த்துக் குடையை எடுத்துக்கொள்வது ஒரு காரியம். மழை வருவதற்காக வருண ஜபம் செய்வது வேறொரு காரியம். குடை எடுப்பவருக்கு மழை ஏன் வருகிறது என்று தெரிய வேண்டியதில்லை. வருமா வராதா என்று தெரிந்தால் போதும். ஜபம் செய்விப்பவருக்கோ, ஜபத்தால் மழை வருகிறதா என்பதுதான் கேள்வி. முன்னது கணிப்பு, பின்னது காரணம். கடன் வாங்க வருகிறவர் திருப்பிக் கட்டுவாரா என்பது முதல் வகை. வட்டியைக் குறைத்தால் விவசாயி முன்னேறுவாரா என்பது இரண்டாம் வகை. ஒன்றுக்கு உரிய கருவியை மற்றொன்றுக்குப் பிரயோகிப்பதால்தான் அரசாங்கங்களும் கம்பெனிகளும் பெரும் பிழைகளைச் செய்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகமே இந்தப் படிப்பின் உயிர்நாடி என்பது என் திடமான அபிப்பிராயம்.

காரணத்தைக் கண்டறிவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு, வகுப்பறைகளில் தவறாமல் சொல்லப்படும் ஓர் ஆராய்ச்சியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். 1992-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாகாணம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது; எல்லைக்கு அப்பாலுள்ள பென்ஸில்வேனியாவில் அது 4.25 டாலராகவே நின்றது. கூலி ஏறினால் வேலை குறையும் என்பது பாடப் புத்தகத்தின் வாக்கு. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், எல்லையின் இருபுறமும் இருந்த 410 துரித உணவுக் கடைகளில், உயர்வுக்கு முன்னும் பின்னும், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். முழுநேர வேலையாகக் கணக்கிட்டால், நியூஜெர்ஸியில் கடை ஒன்றுக்குச் சராசரியாக 20.4 பேராக இருந்தது 21.0 ஆயிற்று, பென்ஸில்வேனியாவில் 23.3 பேராக இருந்தது 21.2 ஆகக் குறைந்தது. நியூஜெர்ஸியை மட்டும் பார்த்தவர் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லியிருப்பார். அந்த வருஷத்தின் மந்தம் இருபுறத்தையும் ஒரே மாதிரி பாதித்திருக்கும் என்று கொண்டு, ஒரு மாறுதலிலிருந்து மற்றொரு மாறுதலைக் கழித்தால், கூலி உயர்ந்த இடத்தில் வேலை குறையாதது மட்டுமன்று, கடைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆள் அளவுக்கு ஒப்பு நோக்கில் கூடியிருக்கிறது என்று தெரிகிறது. இந்த முடிவைப் பற்றிப் பல ஆண்டுகள் கடும் விவாதம் நடந்தது. இத்தகைய முறைகளுக்காகக் கார்ட் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தக் கணக்கில் கூட்டலும் கழித்தலும் தவிர வேறொன்றுமில்லை. எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்ற யோசனைதான் இதில் விலைமதிப்பற்றது. அந்த யோசனையை எந்தக் கணினியும் தானாகத் தருவதில்லை.

அளவுகோல் பிழைத்தால்

தரவு தெரிந்தவருக்குப் பொருளாதாரம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில், எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று சொல்லும் ஒரு கணினி முறை பரவலாகப் பயன்பட்டுவந்தது. நோயின் கடுமையை நேரில் அளக்க இயலாமையால், அது நோயாளிக்கு ஆகக்கூடிய செலவை அளவுகோலாகக் கொண்டது. செலவைக் கணிப்பதில் யந்திரம் பிழை செய்யவில்லை. ஆனால் கறுப்பின மக்களுக்கு, அதே அளவு நோய் இருந்தும், குறைவாகவே செலவிடப்படுகிறது. அதனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று யந்திரம் தீர்மானித்தது. ஸயாத் ஓபர்மேயர், முல்லைநாதன் முதலியோர் 2019-ல் இதை வெளிப்படுத்தினர்; அந்தக் குறையை நீக்கினால், கூடுதல் கவனிப்புப் பெறும் கறுப்பின நோயாளிகளின் விகிதம் நூற்றுக்கு 17.7-லிருந்து 46.5 ஆக உயரும் என்று கண்டார்கள். செலவு என்பது தேவையை மட்டும் காட்டுவதில்லை, வசதியையும் வாய்ப்பையும் சேர்த்தே காட்டுகிறது என்பது பொருளாதார மாணவர் முதல் வருஷத்திலேயே படிக்கும் பாடம். அந்தப் பாடத்தைப் படித்த ஒருவர் அந்த முறையை அமைத்தவர்களிடையே இருந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், எத்தனையோ நோயாளிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதி தவிர்ந்திருக்கக்கூடும்.

விவரம் எப்படிப் பிறந்தது என்று கேளாமல் அதைப் பயன்படுத்துவதும் இதைப் போன்ற ஆபத்தே. நம் நாட்டில் 2022-23-ல் நடந்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 2,61,746 குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன; கிராமத்தில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரி 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று கிடைத்தது. இதை 2011-12-ம் ஆண்டு ஆய்வோடு வைத்துப் பார்த்து, வறுமை இவ்வளவு குறைந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட ஆசை எழும். ஆனால் புதிய ஆய்வில் வினாத்தாள் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒரே குடும்பத்தை மூன்று முறை சென்று கேட்டார்கள். கேட்கும் முறை மாறினால் கிடைக்கும் பதிலும் மாறும். இரண்டு எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில், வாழ்க்கை மாறியதால் வந்தது எவ்வளவு, வினாத்தாள் மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டே வறுமையை மதிப்பிடலாம் என்று 2016-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் காட்டியது பெரிய சாதனைதான். ஆனால் அந்த யந்திரத்துக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தது, யாரோ ஒருவர் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதிய செலவுக் கணக்கு.

எங்கே, என்ன கற்பிக்கிறார்கள்

இத்தகைய படிப்பு பெரும்பாலும் இரண்டு வருஷ காலம் நடப்பது. பார்ஸிலோனா பொருளாதாரப் பள்ளியில் உள்ளதுபோல ஒரே வருஷத்தில் முடிவதும் உண்டு. நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், நிகழ்தகவு, புள்ளியியல், பொருளாதார அளவையியல் ஆகியவை அடித்தளம். அதன்மேல் பைத்தான், ஆர் போன்ற கணினி மொழிகள், பெரிய தரவுத் தொகுதிகளைக் கையாளும் முறை, மெஷின் லேர்னிங், இறுதியில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி என்று கட்டடம் எழும்பும்.

பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் முன்னின்று மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அமைத்த படிப்பு தனிக் கவனத்துக்கு உரியது. தரவு, பொருளாதாரம், கொள்கை வகுத்தல் ஆகிய மூன்றையும் இணைக்கும் அதன் முதற்பகுதியை உலகில் எவரும் இணையவழி பயிலலாம். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். அதில் தேறியவர்களில் தெரிந்தெடுக்கப்படுவோர் நேரில் சென்று முதுநிலைப் பட்டத்தை முடிக்கிறார்கள். முன்பட்டம் இல்லாதவரும் திறமையைக் காட்டினால் சேரலாம் என்ற அதன் ஏற்பாடு மிக உயர்ந்தது. இவ்விருவரும் 2003-ல் தொடங்க உதவிய ஜே-பால் ஆராய்ச்சி மையத்தின் தெற்காசியக் கிளை சென்னையை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்ததும், 2014-ல் தமிழ்நாடு அரசு அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

இந்தியாவில், கல்கத்தாவிலும் டில்லியிலும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நடத்தும் அளவறி பொருளாதார முதுநிலைப் படிப்பு நெடுங்காலப் பெருமை வாய்ந்தது. நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் தேறியவருக்கு உதவித்தொகை உண்டு. சென்னையில், ராஜா செல்லையாவின் முயற்சியால் 1993-ல் தோன்றிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பொருளாதாரத்தின் பக்கமிருந்தும், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் தன் தரவு அறிவியல் முதுநிலைப் படிப்பின் மூலம் கணிதத்தின் பக்கமிருந்தும் இந்த இடத்தை நெருங்குகின்றன.

உத்தியோகத்தைப் பொறுத்தவரை வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், இணைய வர்த்தக நிறுவனங்கள், ஆராய்ச்சி மையங்கள் எல்லாம் இவ்விரு வித்தையும் அறிந்தவர்களைத் தேடுகின்றன. அரசாங்கம் மட்டும் இன்னும் இவர்களை இரண்டு கூடத்தில் உட்காரவைக்கிறது: இந்தியப் பொருளாதாரப் பணி ஒன்று, இந்தியப் புள்ளியியல் பணி மற்றொன்று, தகுதி வேறு, பாடத்தின் வினாத்தாள் வேறு. ரிஸர்வ் பாங்கும் தன் பொருளாதார ஆராய்ச்சித் துறைக்கும் புள்ளிவிவரத் துறைக்கும் தனித்தனியாகவே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தப் பிரிவினையை மறுபரிசீலனை செய்யும் காலம் வந்துவிட்டது.

கரும்புத் தோட்டத்தில் ஒரு பாடம்

கணினியின் முன் உட்கார்ந்தே இந்தப் படிப்பை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், ஆனந்தி மணி, முல்லைநாதன் முதலியோர் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைப் படிக்க வேண்டும். வறுமை மனிதனின் சிந்தனையை அழுத்துகிறதா என்பது அவர்கள் கேள்வி. ஏழையையும் செல்வரையும் ஒப்பிட்டால், படிப்பு, உணவு, உடல்நிலை என்று ஆயிரம் வேற்றுமைகள் குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிக்கோ பணம் வருவது அறுவடைக்குப் பிறகுதான். அதற்கு முந்திய மாதங்களில் நகை அடகுக்குப் போகும், கடன் ஏறும். ஆகவே அதே விவசாயியை அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்து, ஒரே விதமான சிந்தனைப் பரீட்சைகளை வைத்தார்கள். முன்னதில் அவர் தடுமாறினார். பின்னதில் தெளிவாக விடையளித்தார். மனிதர் மாறவில்லை, கையிலிருந்த பணம் மாறியது. ஏழைகள் யோசனையின்றி நடப்பதால் ஏழைகளாகிறார்கள் என்ற பழைய அபவாதத்துக்கு இது தக்க மறுப்பு. கரும்பு எப்போது வெட்டப்படுகிறது, ஆலைப் பணம் எப்போது கைக்கு வருகிறது என்று அறிந்தவரால்தான் இப்படியொரு ஒப்பீட்டை நினைத்துப் பார்க்க முடியும். அந்த அறிவு தரவுத் தொகுதியில் இல்லை. வயல் வரப்பில் இருக்கிறது.

மாணவருக்கும் கல்லூரிகளுக்கும்

நம் மாணவர்களுக்குள்ள பெரிய இடையூறு கணிதம். மேல்நிலைப் பள்ளியில் கணிதமில்லாத பிரிவை எடுத்து, பிறகு பொருளாதாரத்தில் இளங்கலை முடித்து வரும் மாணவர், நுண்கணிதமும் அணிக்கோவையும் கேட்கும் நுழைவுத் தேர்வின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இவர்களில் கிராமங்களிலிருந்து வருவோரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி ஏறியவர்களும் அநேகர். கிராமத்தின் பொருளாதாரத்தைப் பிறந்தது முதல் வாழ்ந்து அறிந்த இவர்களே இந்தத் துறைக்கு மிகவும் வேண்டியவர்கள். இளங்கலையின் மூன்றாண்டுக்குள் இவர்களுக்குக் கணிதத்தை, வேண்டுமானால் தமிழிலேயே, பொறுமையாகக் கற்பிக்கும் ஏற்பாட்டை அரசு கலைக் கல்லூரிகள் செய்தே ஆக வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் ஒரு கணினித் தாளை ஒட்டவைத்துப் புதுப்பெயர் சூட்டிக் கட்டணத்தை உயர்த்துவது கல்வி ஆகாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய மாதிரி ஆய்வின் குடும்பவாரி விவரங்களை மத்திய புள்ளிவிவர அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கிறது; பட்டத்துக்குக் காத்திராமல் இன்றே அவற்றை இறக்கி, ஒரு கேள்வியை எழுப்பி, விடை தேடத் தொடங்கலாம். படிப்பில் சேர விண்ணப்பிக்குமுன் கல்லூரியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். புள்ளியியலை, சாப்ட்வேரின் பொத்தானை அழுத்தும் பயிற்சியாக அல்லாமல், ஏன் என்ற நிரூபணத்தோடு கற்பிக்கிறீர்களா? காரணத்தையும் கணிப்பையும் பிரித்துக் காட்டும் பொருளாதார ஆசிரியர், தாமே ஆராய்ச்சி செய்பவர், உங்களிடம் இருக்கிறாரா? படிப்பு முடிவதற்குள் ஒரு முறையேனும் மாணவர் தாமே சென்று மனிதர்களிடம் கேட்டு விவரம் சேகரிக்க வேண்டும் என்ற விதி உண்டா? இம்மூன்றுக்கும் உண்டு என்ற பதில் வருமானால், கடன் வாங்கியாவது அங்கே சேருங்கள். வராவிட்டால், விளம்பரம் எவ்வளவு பெரிதாயிருந்தாலும், அங்கே ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.